புரபசர் கடலுக்குப் போகிறார்

வெள்ளைத்துரைக்கு வருஷா வருஷம் ஏப்ரலில் வேலை போய்விடும். ஜூன் கடைசியில் திரும்ப வந்துவிடும். இடைப்பட்ட நாட்களில் மனைவி பாண்டியம்மாளோடு டி. கல்லுப்பட்டியில் மாமனார் வீட்டில் கிடப்பான். அவனியாபுரத்தைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் இருந்த ஒரு கல்லூரியில், விலங்கியல் துறையின் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர் அவன். தவளையை அறுத்துக் காட்டுவது உத்தியோகம். கோடை விடுமுறையில் தவளை அறுக்க ஆள் எதற்கு என்பது நிர்வாகத்தின் கருத்து. யோசித்துப் பார்த்ததில் அந்தக் கருத்தில் அவனாலும் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

மாமனார் விருமாண்டி மரியாதை தெரிந்தவர். டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாகப் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிற மருமகனை வாசலுக்கு வந்து வரவேற்பார்.

“வாங்க மாப்ள. லீவா?”

“லீவுதான் மாமா.”

“கொடுத்து வச்ச உத்தியோகம். நம்ம உழவு மாட்டுக்குக்கூட இம்புட்டு லீவு கெடையாது.” பிறகு அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். “மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு தோசை வையி. என்ன அவசரம், காலேஜு தொறக்குற வரைக்கும் இங்ஙனதான இருக்கப் போறாக.”

அந்த இரண்டு தோசைகளை வெள்ளைத்துரை பல வருஷமாக மென்றுகொண்டிருக்கிறான். இன்னும் இறங்கவில்லை.

அதனால்தான், துறைத் தலைவர் சோணைமுத்து பொங்கல் கழிந்த வாரம் அவனைக் கூப்பிட்டு, “நமக்கு எம்.எஸ்ஸி. வகுப்பு வரப்போகுதுய்யா. வந்தா உன் போஸ்ட்டு நிரந்தரம். மாசி மாசம் யுனிவர்சிட்டிக் கமிஷன் வருது” என்று சொன்னபோது அவன் சந்தோஷப்படவில்லை. பின்னால் ஒரு ‘ஆனால்’ நிற்கும் என்று தெரியும். சோணைமுத்து எந்த நல்ல சேதியையும் தனியாக அனுப்புகிறவர் அல்ல.

“ஆனா, கடல் மீன் தொட்டி ஒண்ணு வேணுமாம். எம்.எஸ்ஸி. நடத்துற டிபார்ட்மெண்டுல அது இல்லாம இருக்கலாமான்னு கேக்குறாங்க. நம்மகிட்ட இருக்குற தொட்டிய அப்படியே கடலாக்கிரு.” மின்விசிறியை இன்னும் கொஞ்சம் வேகமாக வை என்பது போன்ற குரலில் சொன்னார்.

“சார், அதுல இருக்குறது கம்மாத் தண்ணி.”

“மாத்திரு.”

“மீனும் கம்மா மீனு சார்.”

“அதையும் மாத்திரு.”

“பணம் சார்?”

“அது மட்டும் இருக்குற மாதிரியே இருக்கட்டும்.”

பணம் இருக்கிற மாதிரி என்பது இல்லாத மாதிரி என்று துறையில் எல்லோருக்கும் தெரியும்.

தொட்டி ஆய்வுக்கூடத்தின் மூலையில் இருந்தது. முன்னொரு காலத்தில் ஏதோ கண்காட்சிக்காகத் தங்கமீன்களோடு வாங்கியது. துணைக்கு இருக்கட்டும் என்று யாரோ வண்டியூர்க் கண்மாயிலிருந்து ஒரு ஜிலேபிக் கெண்டையைக் கொண்டுவந்து போட்டார்கள். அடுத்த சில வாரங்களில் தங்கமீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஜிலேபி தின்றதா, அதன் முகத்தைப் பார்த்து அவை மனம் வெறுத்தனவா என்று துறை ஆராயவில்லை. இப்போது உள்ளங்கை அகலத்தில் அது ஒன்று மட்டும் இருந்தது. ஒரே இடத்தில் நின்றுகொண்டு, யாரையும் பார்க்காமல், வாயை மட்டும் திறந்து திறந்து மூடும். மாணவர்கள் அதற்குப் ‘புரபசர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் சோணைமுத்துவுக்கு மட்டும் தெரியாது.

வெள்ளைத்துரை வேதியியல் துறைக்குப் போனான். அங்கே டெமான்ஸ்ட்ரேட்டர் நாகூர் கனி அவனுக்குக் கூட்டாளி. முனிச்சாலையில் பிறந்து வளர்ந்தவன். கடல் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டான்.

“நாகூருன்னு பேரு வச்சதுல இருந்து எங்கிட்டதான் எல்லாரும் கடலக் கேக்குறாய்ங்க. மாப்ள, சத்தியமாச் சொல்றேன், நான் பாத்த பெரிய தண்ணி தெப்பக்குளம்தான். அதுவும் நெறைஞ்சு பாத்ததில்ல.”

“உப்பப் போட்டுக் கலக்குனா கடலாகாதா?”

“கடல்ல உப்பு மட்டுமா இருக்கு? இன்னும் ஏழெட்டு சாமான் இருக்கு. அதுல ஒண்ணுகூட எங்க அலமாரியில இல்ல. லேபிள் இருக்கு, வேணும்னா கிழிச்சுத் தாரேன், கரைச்சுக்க.”

சோணைமுத்துவும் உப்பை ஒப்புக்கொள்ளவில்லை. கமிஷனில் கடலோரத்து ஆள் ஒருவர் வருகிறார், ஒரிஜினல் கடல் தண்ணீர்தான் வேண்டும் என்றார். மீன் விஷயத்தில் மட்டும் வெள்ளைத்துரையின் யோசனை எடுபட்டது. ஜிலேபிக் கெண்டை உப்பைத் தாங்குகிற ஜாதி. ஆப்பிரிக்காவில் ஆறு கடலில் விழுகிற இடத்தில் அதன் பாட்டன் பூட்டன் இரண்டு தண்ணீரிலும் இருந்தவை. திடீரென்று போட்டால் சாகும். தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் முழுக் கடலிலும் நிற்கும். செலவே இல்லை என்பதைக் கேட்டதும் சோணைமுத்துவுக்கு அந்த மீன்மேல் முதல்முறையாக மதிப்பு வந்தது.

பாக்கி இருந்தது தண்ணீர். அதற்கும் தெய்வம் வழிவிட்டது போல, ஆபீஸ் சூப்பிரண்டு ஆண்டிச்சாமி தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகிறார் என்று தெரிந்தது. தகப்பனாருக்குத் திதி. சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு வேன் வைத்துப் போகிறார். திரும்பும்போது வேனில் இடமிருக்கும். சமையல் சாமான்கள் வயிற்றுக்குள் போயிருக்கும்.

“அண்ணே, வரும்போது நாலு டின்னு கடல் தண்ணி வேணும்ண்ணே. என் பொழப்பே அதுலதான் இருக்கு.”

“கடல் தண்ணி எதுக்கு தம்பி?”

“மீன் தொட்டிக்குண்ணே. கமிஷன் வருது.”

ஆண்டிச்சாமி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “நாலு டின்னு தண்ணி, அம்புட்டுத்தான? கொண்டாந்துருவோம்.”

விடுதிச் சமையற்கட்டிலிருந்து கடலை எண்ணெய் டின்கள் நான்கை வாங்கி, எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சீயக்காய் போட்டு வெள்ளைத்துரையே தேய்த்தான். எம்.எஸ்ஸி. படித்தவன் கல்லூரிக் குழாயடியில் குத்தவைத்து டின் தேய்ப்பதைப் பார்த்த மாணவன் ஒருவன், “சார், மெஸ்ஸுல சேந்துட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனான். கேள்வியில் கேலி இருந்ததா என்று யோசிக்கக்கூட அலுப்பாக இருந்தது. மெஸ்ஸில் வேலை பார்ப்பவர்கள் நிரந்தரம்.

அமாவாசை கழிந்து தண்ணீர் வந்தது. நான்கு டின்னும் தளும்பத் தளும்ப நிறைந்து, வாயில் துணி கட்டி, வேனிலிருந்து பயபக்தியோடு இறங்கியது. தம் சார்பில் அன்பளிப்பாகச் சிப்பிகளை ஒட்டிச் செய்த ஒரு படகையும் ஆண்டிச்சாமி கொண்டுவந்திருந்தார். அதன் வயிற்றில் சிவப்புப் பெயிண்டில் ‘ராமேஸ்வரம்’ என்று எழுதியிருந்தது. கடல் என்றால் படகு இருக்க வேண்டும் அல்லவா? வெள்ளைத்துரை அதைத் தொட்டியின் அடியில் வைத்தான். புரபசர் அதைச் சுற்றி ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் பழைய இடத்துக்கே போய் நின்றது.

தினமும் காலையில் தொட்டியிலிருந்து ஒரு செம்பு மொண்டு ஊற்றிவிட்டு, டின்னிலிருந்து ஒரு செம்பு சேர்த்தான். ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மீனைப் பார்த்தான். மீன் மயங்கவில்லை, மல்லாந்துவிடவில்லை, மேலே வந்து வாயைப் பிளக்கவில்லை. புழுவைப் போட்டால் தின்றது. நாளாக ஆக இன்னும் தெளிவாக, சொல்லப்போனால் இளமையாகத் தெரிந்தது. இப்படி ஒரு உயிரைப் புத்தகத்தில்கூடப் படித்ததில்லை என்று வெள்ளைத்துரைக்குத் தோன்றியது. சோணைமுத்து மாணவர்களைக் கூட்டிவந்து காட்டினார். “பரிணாமத்தைப் பற்றி மற்றவர்கள் வகுப்பில் சொல்வார்கள். நம் துறையில் அது நடந்துகொண்டிருக்கிறது” என்றார். அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி ஏதாவது மாநாட்டில் வாசிக்கும் எண்ணமும் அவருக்கு வந்திருந்தது. எழுதுவது வெள்ளைத்துரை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நாகூர் கனி ஒருநாள் வந்து தொட்டியைக் குனிந்து பார்த்தான்.

“உப்பு எம்புட்டு ஏறியிருக்குன்னு பாத்தியா?”

“உங்க டிபார்ட்மெண்டுலதான பாக்கணும்.”

“சில்வர் நைட்ரேட் ரெண்டு சொட்டு விட்டா போதும், உப்பு இருந்தாப் பாலு மாதிரி வெளுத்துரும். வெள்ளி விக்கிற வெலைக்கு அத எவன் வாங்குறான்? நாக்குல தொட்டு வச்சுப் பாரு.”

“மீன் பேண்ட தண்ணியையா?”

“அப்ப நம்பிக்க.”

வெள்ளைத்துரை நம்பிக்கொண்டான்.

கமிஷன் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், தொட்டி அடியில் கசடு தெரிகிறது, எடுத்துவிடு என்று சோணைமுத்து சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அதற்கு ஒரே வழி ரப்பர் குழாய். ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து இழுத்து, தண்ணீர் வாய்க்கு வருமுன் குழாயைக் கீழே வாளியில் விட வேண்டும். உலகம் முழுவதும் அப்படித்தான். உலகம் முழுவதும் பாதிப் பேர் ஒரு வாய் குடித்துவிடுகிறார்கள்.

வெள்ளைத்துரையும் குடித்தான். துப்பினான். துப்பிய பிறகு குழாயைக் கையில் பிடித்தபடி நின்றான். பிறகு சாகத் துணிந்தவன்போல மறுபடி ஒரு வாய் இழுத்தான். இந்தத் தடவை துப்பவில்லை, சுவைத்தான்.

தண்ணீர் தித்தித்தது. மதுரைக் கார்ப்பரேஷன் குழாயில் ஒருநாளும் இப்படி ஒரு தண்ணீர் வந்ததில்லை. மேசைக்கு அடியில் மிச்சமிருந்த கடைசி டின்னைத் திறந்து விரலை விட்டு நக்கினான். அது அதைவிடத் தித்தித்தது.

ஆபீஸில் ஆண்டிச்சாமி சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அது எந்தத் தண்ணி?”

“எது தம்பி?”

“நாலு டின்னு.”

ஆண்டிச்சாமியின் முகம் மலர்ந்தது. “இப்பத்தான் கேக்குறீகளா? கோடி தீர்த்தம்! கோயிலுக்குள்ள இருக்குற தீர்த்தத்துலயே ஒசத்தி. வரிசையில நின்டு, வாளிக்காரன்ட்டக் கெஞ்சி, நாலு டின்னும் ரொப்பிக் கொண்டாந்தேன்.”

“நான் கடல் தண்ணியில்லண்ணே கேட்டேன்!”

“கேட்டீக. நான் மறக்கல. கரையில டின்னோட நின்டு யோசிச்சேன். கடல்ல என்ன கெடக்கு? அமாவாசைக்கு வந்த சனம் அம்புட்டும் ஏழு தலமொறைப் பாவத்த அதுலதான் முங்கி விட்டுட்டுப் போகுது. எங்கப்பாரு பாவத்தையே நான் அங்ஙனதான் கரைச்சேன். அவரு பாவம் லேசுப்பட்டதா? அந்தத் தண்ணிய டின்னுல அடைச்சு, பிள்ளைக படிக்கிற எடத்துக்குக் கொண்டாரதா? ராமேஸ்வரம் போனவன் எவனாச்சும் கடல் தண்ணிய வீட்டுக்குக் கொண்டுபோயிப் பாத்திருக்கீகளா?”

வெள்ளைத்துரை யோசித்துப் பார்த்தான். பார்த்ததில்லை. ஊரில் எந்த வீட்டுப் பூஜை மாடத்திலும் கடல் தண்ணீர் இருந்ததில்லை. தீர்த்தச் செம்புதான் இருந்தது. ராமேஸ்வரம் போகிற ஒருவரிடம் கடலைக் கேட்டது தன் குற்றம்தான் என்று பட்டது.

“சொல்லியிருக்கலாமேண்ணே.”

“கேட்டதுக்கு மேல செஞ்சத வாயால சொல்லிக்காட்டுனாப் புண்ணியம் போயிரும் தம்பி.”

சாயங்காலம் நாகூர் கனி விடுதியிலிருந்து கல் உப்பு அரை மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“கொட்டு மாப்ள. கலக்கிவிட்டா முடிஞ்சது. கமிஷன் நாக்குக்குக் கடல்தான்.”

“ஒரேயடியாக் கொட்டுனா விடியிறதுக்குள்ள மல்லாந்துரும்டா.”

“மீனா, நிரந்தரமா? எதாச்சும் ஒண்ணச் சொல்லு.”

வெள்ளைத்துரை தொட்டியைப் பார்த்தான். புரபசர் வாயைத் திறந்து மூடியது. அவன் மனம் கரைந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். உப்பில்லாத தண்ணீரில் உயிருள்ள மீன் நின்றால் ஏதாவது பேசிச் சமாளிக்கலாம். உப்புத் தண்ணீரில் செத்த மீன் மிதந்தால் பேச ஒன்றும் இல்லை. அது ஒரு கணக்கு. இரண்டாவது, அந்தத் துறையில் ஏப்ரலில் வெளியேற்றப்படாத ஒரே தற்காலிக ஆசாமி அந்த மீன்தான். அதன் வேலையையும் தானே முடித்துவைக்க வேண்டுமா என்று இருந்தது. மூன்றாவது, மூட்டையைத் தூக்க உடம்பில் தெம்பில்லை.

“வேணாம்டா. இருக்கட்டும்” என்றான்.

“கல்லுப்பட்டிக்கு டிக்கெட் எடுத்துரலாமா அப்ப?”

“எடுத்துரலாம்.”

மறுநாள் கமிஷன் வந்தது. மூன்று பேர். தலைவர் வயதானவர், காலையிலிருந்து வேறொரு கல்லூரியில் நூலகம், கழிப்பறை, கேசரி ஆகியவற்றைப் பார்வையிட்டுக் களைத்திருந்தார். இரண்டாமவர் கடலோரத்து உறுப்பினர். மூன்றாமவர் பிரின்சிபால் அறையில் காப்பியை விட்டு எழுந்து வரவில்லை.

“கடல்வாழ் உயிரினத் தொட்டி. ஒரிஜினல் கடல்நீர்” என்று சோணைமுத்து கையை நீட்டிக் காட்டினார். அவருக்கு வெள்ளைத்துரை இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஏப்ரல் வரத்தான் போகிறது.

கடலோரத்து உறுப்பினர் முதலில் மீனைப் பார்த்தார். புருவம் ஏறியது. பிறகு விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்தார். இன்னொருமுறை வைத்தார்.

“உப்பே இல்லையே.”

சோணைமுத்து வெள்ளைத்துரையைப் பார்த்தார். கமிஷனும் பார்த்தது. பொய் சொல்வதற்கு ஒரு சுறுசுறுப்பு வேண்டும். அவனிடம் அது இல்லை.

“இது கடல் தண்ணி இல்லைங்கய்யா. கடல் தண்ணி கேட்டுத்தான் ராமேஸ்வரத்துக்கு ஆள் அனுப்புனோம். அங்க போனவரு, பாவம் கலந்த தண்ணி வேண்டாம்னு கோயிலுக்குள்ள கோடி தீர்த்தம் பிடிச்சாந்துட்டாரு. தொட்டியில இருக்குறது அம்புட்டும் அதுதான்.”

தலைவர் அதுவரை சுவரோரம் நாற்காலி இருக்கிறதா என்றுதான் தேடிக்கொண்டிருந்தார். இப்போது தொட்டிக்கு அருகில் வந்தார். அடியில் கிடந்த சிப்பிப் படகின் எழுத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

“கோடி தீர்த்தமா?”

“ஆமாங்கய்யா. தை அமாவாசையன்னைக்குப் பிடிச்சது.”

“எங்க அப்பாவுக்கு ராமேஸ்வரத்துல திதி குடுக்கணும்னு நாலு வருஷமாப் பாக்குறேன்” என்றார் தலைவர், யாரிடமும் என்றில்லாமல். “கிளம்புற நேரத்துக்குச் சரியா ஒரு கமிஷன் போட்டுர்றான்.” பிறகு வெள்ளைத்துரையின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “இதுல உப்பு கிப்பு ஒண்ணும் போட்டுடலையே?”

“நேத்துப் போடப் பாத்தோம்ங்கய்யா. போடல.”

“நிச்சயமா?”

“நிச்சயமாங்கய்யா.”

தலைவர் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். மேசைக்கடியில் இருந்த கடைசி டின் வெளியே வந்தது. அவர் ஒரு கை வாங்கிக் கண்ணில் ஒற்றி, தலையில் தெளித்து, மிச்சத்தைக் குடித்தார். பிறகு தம் பிளாஸ்கில் இருந்த காப்பியை ஜன்னல் வழியே கொட்டிவிட்டு அதை நீட்டினார். சேதி வராந்தாவில் பரவியது. மூன்றாமவர் ஓடிவந்தார். தாவரவியல் வந்தது, பொருளாதாரம் வந்தது. டின் காலியானதும் தொட்டியில் கைவைத்தார்கள்.

“மீன் கெடந்த தண்ணியில்லப்பா?” என்று யாரோ தயங்கினார்கள். “பொற்றாமரையில மீனே கெடையாதும்பாக.”

“அது மதுரைச் சட்டம். இது ராமேஸ்வரம்” என்றார் ஆண்டிச்சாமி. அன்று அவர் சொன்னதே சட்டமாக இருந்தது.

தண்ணீர் இறங்கி இறங்கிப் புரபசரின் முதுகுத்துடுப்பு வெளியே தெரிந்தபோது, வெள்ளைத்துரை இரண்டு கையையும் தொட்டியின் மேல் குறுக்கே வைத்துக்கொண்டு, “போதும்யா, மீனு நிக்கணும்” என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலம் கல்லூரிக் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பினான். மீன் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

கமிஷன் அறிக்கையில் கடல்வாழ் உயிரினத் தொட்டிக்கு நேரே ‘மிகவும் திருப்தி’ என்று இருந்தது. கடலோரத்து உறுப்பினர் மட்டும் கையெழுத்துப் போடுமுன் வெகுநேரம் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். அவரிடமும் ஒரு பிளாஸ்க் இருந்தது. எம்.எஸ்ஸி. வந்தது. பங்குனியில் வெள்ளைத்துரைக்கு நிரந்தர உத்தரவும் வந்தது. வீட்டில் பாண்டியம்மாள் அதை இரண்டு முறை படித்தாள்.

“நெசமாத்தானா? ஏப்ரல்ல சம்பளம் தருவாகளா?”

“தருவாக.”

“அப்ப எங்க ஊருக்குப் போக வேணாமா?”

“வேணாம்.”

அவள் சந்தோஷப்பட்டாளா, அவளுக்கு அம்மா வீட்டு ஞாபகம் வந்ததா என்று தெரியவில்லை. அவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை. எட்டு வருஷமாக எதிர்பார்த்த பஸ் வந்து நிற்கும்போது, ஏறுவதற்குக் காலைத் தூக்கவே சோம்பலாக இருப்பதுபோல இருந்தது.

ஏப்ரலில் கல்லூரி மூடியது. நிரந்தரமானவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். வெள்ளைத்துரை மட்டும் தினமும் வந்தான். நாகூர் கனியின் அரை மூட்டை உப்பு மூலையிலேயே கிடந்தது. காலையில் ஒரு கரண்டி எடுத்துக் கரைத்து ஊற்றுவான். மீனைப் பார்ப்பான். மறுநாள் இன்னொரு கரண்டி. இந்தத் தடவை அவசரம் இல்லை, கமிஷன் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. தினமும் விரலை விட்டுச் சுவைத்துப் பார்த்துக்கொண்டான்.

அக்கினி நட்சத்திரத்தில் ஒருநாள், மோட்டார் சாமான் வாங்க மதுரைக்கு வந்த விருமாண்டி, மருமகன் கல்லுப்பட்டிக்கு வராத மர்மத்தை நேரில் விசாரிக்க அங்கே வந்து சேர்ந்தார். வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். ஆள் இல்லாத கட்டடத்தில், மருமகன் ஒரு கண்ணாடித் தொட்டிக்குக் கரண்டியால் உப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.

“லீவா மாப்ள?”

“லீவுதான் மாமா.” பல வருஷங்களில் முதல்முறையாக அது உண்மை. ஆனால் காதில் விழுந்தது பழையது போலவே இருந்தது.

“லீவுலயும் சம்பளமாமே. பாண்டியம்மா கடுதாசி போட்டுச்சு.”

“ஆமா மாமா.”

“இதுக்கா?”

“இதுக்குந்தான்.”

விருமாண்டி அருகில் வந்து புரபசரைக் குனிந்து பார்த்தார். கண்மாய் வற்றி மீன் அழிகிற காலத்தில் கூடை கூடையாக அள்ளுகிற சாதி மீன். அது உயிரோடு நிற்கிறது, எம்.எஸ்ஸி. படித்தவன் அதற்குக் கல் உப்புப் போடுகிறான்.

“கொழம்பு வைக்கிறதுன்னா மொதல்ல மீன வெளிய எடுக்கணும் மாப்ள.”

“கொழம்பு இல்ல மாமா. கடலாக்குறோம்.”

விருமாண்டி மரியாதை தெரிந்தவர், மேற்கொண்டு கேட்கவில்லை. வேட்டியை இடுக்கிக்கொண்டு, விரலைத் தண்ணீரில் விட்டு, நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டினார். சமையற்காரன் கேட்டால் பந்தியில் சொல்கிற மாதிரி, யோசித்துச் சொன்னார்.

“உப்பு இன்னும் காணாது மாப்ள.”

“ஆமா மாமா” என்றான் வெள்ளைத்துரை. “நாளைக்கு ஒரு கரண்டி போடணும்.”